பதில்: தம்பியை அறையில் பூட்டி வைக்கலாமா?

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிய தம்பி, மூச்சு அடங்கிப்போய் பெரியாஸ்பத்திரியில் பிழைத்து வந்திருக்கிறார். பத்து நாள் பூட்டி வைத்தால் தெளிந்துவிடும் என்கிறார் மாமா. மாத்திரைக்கு மாற்றாக இன்னொரு மாத்திரையா என்று அம்மா தயங்குகிறார் என எழுதியிருக்கிறீர்கள்.

மாமா சொல்வதைக் கேட்காதீர்கள் சார். சில நாள் விட்டாலே உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே போட்டால் உயிருக்கே ஆபத்து.

அம்மாவின் பயம் நியாயமானதுதான். ஆனால் அவர் தயங்கும் அந்த மாற்று மாத்திரை, புப்ரினார்ஃபின், போதை ஏக்கத்தையும் உடல் வலியையும் அடக்கும். ஓரளவுக்கு மேல் மூச்சை அமுக்காது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அவசர சிகிச்சைப் பிரிவிலேயே தொடங்கிப் பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவு: 30 நாள் கழித்தும் சிகிச்சையில் இருந்தவர்கள் 78 சதவீதம். வெறுமனே வேறிடத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் 37தான்! ஒரு விஷயம், பழைய மருந்தின் தாக்கம் இறங்கி, உடம்பு முறுக்கி, கொட்டாவியும் மூக்கொழுகலும் வந்த பிறகே முதல் மாத்திரை. முந்தினால் அவஸ்தை கூடும். அதனால் நீங்களாக வாங்கித் தர வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சீட்டோடு பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போய், இந்த மருந்தைப் பெயர் சொல்லியே கேளுங்கள். போதை மீட்பு உதவி எண்ணான 14446க்கும் போன் செய்யலாம், இலவசம்.

அப்புறம், உதடு நீலமாகி, குறட்டை மாதிரி மூச்சு இழுத்தால் உடனே 108. மருந்தின் தாக்கத்தை முறிக்கும் நலாக்சோன் ஊசியில் எழுந்து உட்கார்ந்தாலும் அழைத்து வந்துவிடாதீர்கள். ஊசியின் வேகம் ஒன்றரை மணி நேரத்துக்குள் தணிந்து, மயக்கம் திரும்பலாம்.