கியர்பாக்ஸை அறுக்கும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: சார், 80களில் மாமா வாங்கி வந்த டாமியா கிராஸ்ஹாப்பர் ரிமோட் கார் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் 380 மோட்டார் கருகிவிட்டது. கடையில் சுலபமாகக் கிடைப்பது 540 மோட்டார்தான். கியர்பாக்ஸை அறுத்து அதைப் பொருத்திவிடலாமா?
- வாசகர், கோவை

பதில்: ரம்பத்தை முதலில் கீழே வையுங்கள். அத்தனை வருஷப் பழைய பிளாஸ்டிக்கை ஒரு தடவை அறுத்துவிட்டால் அவ்வளவுதான், என்ன பசை போட்டு ஒட்டினாலும் பழைய உறுதி வராது. கிராஸ்ஹாப்பர் 1984-இல் 380 மோட்டாரோடு வந்தது. அதே ஆண்டு வந்த டாமியாவின் இன்னொரு கார் ஹார்னெட் 540 மோட்டாரோடு வந்தது. இரண்டின் கியர்பாக்ஸும் ஒரே குடும்பம்தான், அதனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு வெட்டுக்குத்து வேலை இதில் கிடையாது.

ஒரு வெர்னியரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். 380 மோட்டாரின் விட்டம் சுமார் 28 மி.மீ., 540 சுமார் 36. முகப்பில் துருத்திக்கொண்டிருக்கும் வட்டம் 380-இல் 10 மி.மீ., 540-இல் 13. ஸ்க்ரூ துளைகள் இரண்டுக்கும் நடுவே முன்னதில் 16 மி.மீ., பின்னதில் 25. இவை கியர்பாக்ஸ் பெட்டியில் உள்ள துளைகளோடு பொருந்தாவிட்டால், பெட்டியைத் தொடாமல் 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒரு அடாப்டர் செய்துகொள்ளுங்கள். உங்கள் ஊரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? பட்டறைக்காரரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்: பழைய ஷாஃப்ட்டின் மையம் எங்கே இருந்ததோ, புது ஷாஃப்ட்டின் மையமும் மிகச்சரியாக அங்கேயே வர வேண்டும். மற்ற அளவுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம், இது தப்பினால் பல்சக்கரம் தேய்ந்துவிடும். அப்புறம், தகட்டின் கனத்துக்கு மோட்டார் வெளியே தள்ளிப்போகும் என்பதால் பினியனையும் (மோட்டார் ஷாஃப்ட்டில் ஏறும் சின்னப் பல்சக்கரம்) ஷாஃப்ட்டின் நுனிப் பக்கமாக அதே 2 மி.மீ. நகர்த்த வேண்டும். ஷாஃப்ட்டில் அதற்கு நீளம் இருக்கிறதா என்று தகடு வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இனி பினியன். 380-இன் ஷாஃப்ட் 2.3 மி.மீ., 540-இன் ஷாஃப்ட் 3.17 மி.மீ., ஆகவே பழைய பினியன் ஏறாது. டிரில் போட்டுத் துளையைப் பெரிதாக்கலாமே என்று தோன்றும், தயவுசெய்து வேண்டாம். துளை ஒரு முடியளவு மையம் விலகினாலே பினியன் தள்ளாடும், ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பர் கியரின் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) பல்லை ஒரு பக்கம் அடித்துக்கொண்டே இருக்கும். அதே எண்ணிக்கைப் பல், அதே மாட்யூல், 3.17 துளை என்று கேட்டுப் புதிதாக வாங்குங்கள்.

மாட்யூல் என்பது பல்லின் அளவு. பினியனின் வெளிவிட்டத்தை, பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வகுத்தால் ஏறக்குறைய அது வந்துவிடும். 15 பல், 10.2 மி.மீ. என்றால் 0.6 மாட்யூல். அதே 15 பல்லுக்கு 9 மி.மீ. வந்தால் அது 48 பிட்ச் (பல்லின் அளவை அங்குலக் கணக்கில் சொல்வது). இந்த இரண்டும் கையில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று போலவே தெரியும், ஆனால் ஒன்றோடு ஒன்று சேராது. கடைக்காரர் "இது போதும்" என்று தந்தாலும் அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எடையையும் யோசியுங்கள். 380 சுமார் 70 கிராம், 540 சுமார் 160. கிராஸ்ஹாப்பரில் கியர்பாக்ஸும் பின் அச்சும் ஒரே துண்டாகச் சேர்ந்து ஆடுவதால் அந்தக் கூடுதல் எடை முழுவதும் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும், மேடு பள்ளத்தில் வண்டி முன்னைவிட அதிகமாகத் துள்ளும். பழைய மெக்கானிக்கல் ஸ்பீடு கன்ட்ரோலரையே வைத்திருக்கிறீர்கள் என்றால் அதையும் எலெக்ட்ரானிக்குக்கு மாற்றிவிடுங்கள். 540 இழுக்கும் கரண்ட்டுக்கு அந்தப் பழைய கன்ட்ரோலரில் உள்ள ரெசிஸ்டர் கொதிக்கும்.

கேள்வி: என் பழைய பக்கி ரிமோட் காரில் மோட்டாரை மாற்றவில்லை. வேகத்துக்காக 15 பல் பினியனை எடுத்துவிட்டு 18 போட்டேன், கியர்பாக்ஸ் மூடவே மறுக்கிறது. ஏன்?
- வாசகர், திருச்சி

பதில்: ஒரு பல் கூடினால் இரண்டு சக்கரங்களின் மைய தூரம் மாட்யூலில் பாதி கூட வேண்டும். உங்களுடையது 0.6 மாட்யூல் என்றால் பல் ஒன்றுக்கு 0.3 மி.மீ., மூன்று பல்லுக்கு 0.9. பழைய கியர்பாக்ஸ்கள் பலவற்றில் மோட்டாரின் ஸ்க்ரூ துளைகள் நிலையானவை, நகர்த்த இடமே கிடையாது. அந்த ஸ்க்ரூ துளைகளை அரத்தால் நீள்துளையாக்குவது ஒரு வழி. ஆனால் மோட்டார் முகப்பின் வட்டம் உட்காரும் துளையையும் அதே திசையில் தேய்க்க வேண்டும், அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பொருத்தும்போது பற்களுக்கு இடையே மெல்லிய காகிதத் துண்டைச் செருகி, நெருக்கிப் பிடித்து, ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுக் காகிதத்தை உருவுங்கள், தேவையான இடைவெளி கிடைத்துவிடும். என்னைக் கேட்டால் 16 போட்டு ஓட்டிப் பாருங்கள். 18 பல்லுக்கு மோட்டார் சூடாவதும் அதிகம்.

கேள்வி: புது 540 மோட்டாரை இறுக்கினால் சுற்றவில்லை, ஸ்க்ரூவைத் தளர்த்தினால் சுற்றுகிறது. மோட்டார் பழுதா?
- வாசகர், மதுரை

பதில்: பெரும்பாலும் ஸ்க்ரூதான் நீளம். மோட்டாரின் முகப்புத் தகடு மெல்லியது, அதைத் தாண்டிப் போகும் ஸ்க்ரூ உள்ளே சுருளில் முட்டுகிறது. உடனே கழற்றிவிடுங்கள், அப்படியே பேட்டரியைக் கொடுத்தால் சுருள் அறுந்துவிடும். நீளம் குறைந்த ஸ்க்ரூ போடுங்கள், இல்லையென்றால் தலைப்பக்கம் ஒரு வாஷர் வையுங்கள். ஸ்க்ரூ கழன்றுவிடுமோ என்று நூல்பூட்டுத் திரவம் (த்ரெட்லாக்) ஊற்றுவதாக இருந்தால் உலோகத்தில் மட்டும் ஊற்றுங்கள், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும்.