மேடுபள்ளமான பூச்சுச் சுவரில் மர ஸ்கர்டிங்கும் கதவு பீடிங்கும் இடைவெளி இல்லாமல் பொருத்துவது எப்படி?

கோபிசெட்டிபாளையத்தில் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறீர்கள். படுக்கையறையில் லேமினேட் தரை போட்டாயிற்று. சுவரடியை ஒட்டி ஓடும் ஸ்கர்டிங் பலகையை வைத்தால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே அங்கங்கே விரல் நுழைகிறது, கதவு நிலையைச் சுற்றி அடிக்கிற பீடிங் சட்டமும் சாய்கிறது, சிலிக்கான் வைத்து அடைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாங்க. முதலில் சுவரைக் கொத்துங்கள். ஈரோடு பக்கம் மரவேலை செய்கிறவன் என்ற முறையில் இதை அழுத்தமாகவே சொல்கிறேன். பலகைக்குப் பின்னால் என்ன கொத்தினாலும் வெளியே தெரியப்போவதில்லை.

நம் ஊரில் ஒன்பது இஞ்ச் சுவர் கட்டும்போது நூல் பிடிப்பது ஒரு முகத்துக்குத்தான். செங்கல் எல்லாம் ஒரே அளவில் இருக்காது என்பதால் மறுமுகம் ஏறி இறங்கி நிற்கும், அந்தப் பக்கம் பூச்சும் கனமாகும். அதிலும் தரையை ஒட்டிய நாலைந்து இஞ்ச்தான் மோசம். மட்டப்பலகை அங்கே சரியாக ஓடாது, மேலிருந்து விழுகிற கலவையும் அடியில் சேர்ந்து தடித்துவிடும். ஸ்கர்டிங் உட்காரப்போவதும் அதே இடத்தில்தான்.

நேரான அலுமினியப் பட்டை ஒன்றை ஸ்கர்டிங் உயரத்தில் சுவரோடு வைத்து நகர்த்துங்கள். எங்கே ஆடுகிறதோ அங்கே மேடு. பென்சிலில் குறித்துக்கொண்டு, பலகையின் மேல்விளிம்பு வரும் கோட்டுக்குக் கீழே மட்டும் உளியால் மெதுவாகச் செதுக்குங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று மேட்டை எடுத்தாலே முக்கால்வாசி இடைவெளி போய்விடும்.

பள்ளம் வேறு கதை. பள்ளத்துக்கு நேராகத் திருகைப் போட்டு இறுக்கினால் பலகை வளைந்து, மேல்விளிம்பு பாம்பு போல நெளியும். திருகு வரும் இடத்தில் பின்னால் மெல்லிய மரச்சில்லு கொடுத்துப் பலகையை நேராக நிறுத்துங்கள். அப்புறம் மேலே தெரிகிற சந்து ஒரு நூலுக்குள் (சுமார் 3 மி.மீ.) இருந்தால் அக்ரிலிக் சீலன்ட் போதும், அதன்மேல் பெயின்ட் பிடிக்கும். சாதாரண சிலிக்கான்மேல் பிடிக்காது. ஒரு நூலைத் தாண்டினால் சீலன்ட்டை நம்பாதீர்கள். பலகைக்கு மேலே சுவரில் ஓரடி உயரத்துக்குப் பட்டியை (வால் புட்டி) இழுத்து, படிப்படியாக மெலிதாக்கிக் கரைத்துவிடுங்கள். பெயின்ட் அடித்தபின் கண்ணுக்குத் தெரியாது.

உள்மூலையில் இரண்டு பலகையையும் 45 டிகிரியில் அறுத்துச் சேர்ப்பதை நான் செய்வதில்லை. பூச்சு மூலை 90 டிகிரி இருப்பது அபூர்வம். ஒரு பலகையை மூலைவரை நேராக ஓட்டிவிட்டு, இரண்டாவதின் முனையை முதல் பலகையின் முகவடிவத்துக்கு ஏற்ப வெட்டி அதன்மேல் முட்டவிடுங்கள். மூலை கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும், மரம் சுருங்கினாலும் அவ்வளவாக வாய் பிளக்காது. வெளிமூலைக்கு மட்டும் சாய்வெட்டு. அதற்கும் இரண்டு சட்டத்துண்டைத் திருகால் கோத்து மூலையில் விரித்து வைத்து, உள்ளபடி கோணத்தை எடுத்துச் சரிபாதியாக்குங்கள். மூலை 92 டிகிரி என்றால் ஒவ்வொரு பலகையின் கூர்முனையும் 46 டிகிரி.

கதவுப் பக்கம் வருவோம். இங்கே கதவு நிலையை நிறுத்திவிட்டுத்தான் சுவரைப் பூசுகிறார்கள். பூச்சு நிலையைவிட முன்னால் நின்றால் பீடிங்கின் உள்விளிம்பு காற்றில் தொங்கும், மேல்மூலை ஜாயிண்ட் முன்பக்கம் பிளக்கும். பீடிங் மறைக்கிற அகலத்துக்குள் பூச்சைச் செதுக்கினால் சரியாகிவிடும். நிலை முன்னால் இருந்தால் தலைகீழ் வேலை: பீடிங்கின் வெளிவிளிம்புக்குப் பின்னால் சன்ன ரீப்பர் (மெல்லிய மரப்பட்டை) கொடுக்க வேண்டும். பீடிங்கை நிலையின் ஓரத்தோடு ஓரமாக வைக்காமல், நிலையின் ஓரம் 5 மி.மீ. தெரியும்படி தள்ளி வையுங்கள், நிலை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கண் பிடிக்காது. இன்னொன்று, பீடிங் ஸ்கர்டிங்கைவிடத் தடிமனாக இருக்கட்டும். ஸ்கர்டிங் வந்து அதில் முட்டி முடியும்போது வெட்டுமுகம் துருத்தாது.

உங்களுடையது பழைய ஓட்டு வீடு, மண்சுவரின்மேல் சுண்ணாம்புக் காரை என்றால் ஹேமர் டிரில்லைத் தொடவே தொடாதீர்கள், காரை பாளம் பாளமாகப் பெயரும். அடிப்பு இல்லாமல் சாதாரணச் சுற்றில் துளையிட்டு, பிளாஸ்டிக் பிளக்குக்குப் பதில் நீளமான மரமுளை அடித்து அதில் திருகுங்கள். செதுக்கிய இடத்தையும் சுண்ணாம்பாலேயே பூசுங்கள். மண்சுவரில் சிமெண்ட் ஒட்டாமல் கழன்று வரும்.

திருகு எல்லாம் சுவருக்குத்தான் போக வேண்டும். லேமினேட் தரை விரிந்து சுருங்கச் சுவரோரம் விட்டிருக்கும் இடைவெளியைப் பலகை மூடினால் போதும், தரையோடு பிணைக்கக் கூடாது. பலகையைப் பொருத்தும் முன் பின்பக்கத்துக்கும் அடிவிளிம்புக்கும் பிரைமர் அடித்துவிடுங்கள். பக்கத்து அறையை நம் வழக்கப்படி தண்ணீர் விட்டுக் கழுவுவீர்கள் என்றால் அந்த அறைக்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வாங்காதீர்கள், அடி ஊறி உப்பிவிடும். அங்கே டைல்ஸ் ஸ்கர்டிங்தான் நல்லது. செல் (கரையான்) அரிக்கிற வீடாக இருந்தால், சுவரோரம் மருந்து விட்டபிறகே மரத்தை உள்ளே கொண்டுவாருங்கள்.