அரிவி வெட்டா, அருவி வெட்டா?

காலபோகப் (மாரிகால நெற்செய்கைப்) பயிரழிவுக்கு இழப்பீடு கோரிக் கிளிநொச்சிக் கமநல சேவை நிலையத்துக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் நெல் அறுவடையைக் குறிக்க ‘அரிவி வெட்டு’ என்றே எழுதுங்கள். அரிவாளில் உள்ள ‘அரி’ என்னும் வினையடியே இதிலும் இருக்கிறது. ‘அருவி’யை மன்னார்ப் பக்கம் ஓடும் அருவியாற்றுக்கு விட்டுவிடலாம்.

குழப்பம் பேச்சிலிருந்து வந்திருக்க வேண்டும். ‘பிடுங்கு’ என்பது வாயில் ‘புடுங்கு’ ஆவதைப் போல, இதழொலியான வகரத்தின் அருகே இகரம் உகரமாகத் திரிகிறது.

ஐயம் எழும்போது வினையாக்கிப் பாருங்கள்: ‘கதிரை அரிந்தோம்’ பொருந்தும், ‘அருந்தினோம்’ என்றால் குடித்ததாகிவிடும்.

எனினும், ‘அருவி வெட்டு’ என்று நம் பத்திரிகைகளிலும் அச்சாவதுண்டு என்பதால், அதற்காக உங்கள் மனுவை எவரும் ஒதுக்கப்போவதில்லை. ‘அறுவடை’ என்றும் எழுதலாம். ஆனால் அது ‘அறு’ என்பதிலிருந்து வருவதால் வல்லின றகரமே வேண்டும்.