மதுரையின் பழைய லாரி கம்பெனிகளைப் பற்றி ஓய்வு பெற்ற டிரைவர்கள் என்ன நினைவுகூர்கிறார்கள்?

எந்தக் கம்பெனிக்கு எத்தனை லாரி இருந்தது என்பதை அவர்கள் அதிகம் பேசுவதில்லை. வண்டி வழியில் பழுதாகி நின்றபோது கம்பெனியின் ஷெட்டிலிருந்து என்ன பதில் வந்தது என்பதைத்தான் பேசுகிறார்கள். ஒரு முதலாளியை நல்லவர் என்பதும் ஆகாதவர் என்பதும் அந்தப் பதிலை வைத்துத்தான்.

நான் முனிச்சாலைப் பக்கம் இருந்த ஒரு லாரி ஷெட்டில் புக்கிங் கிளார்க்காக வேலை பார்த்தவன். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. அங்கே ஓட்டிய அண்ணன்கள் சிலரும், வேறு கம்பெனிகளில் ஓட்டியவர்களும் மாலை வேளைகளில் வண்டியூர் தெப்பக்குளத்துச் சுற்றுச்சுவரில் வந்து உட்காருவார்கள். நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன். எல்லோரும் எழுபதைக் கடந்தவர்கள். சர்க்கரை, முழங்கால் வலி, பேரன் படிப்பு எல்லாம் முடிந்த பிறகு பேச்சு தானாகவே லாரிக்கு வந்துவிடும். அங்கே கேட்டதையும், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

மதுரையில் மோட்டார் தொழில் என்றால் டி.வி.எஸ். பெயர்தான் முதலில் வரும். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912இல் இங்கே பஸ் விடத் தொடங்கியவர். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும், கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கருவியை அவர்களே தயாரித்தார்கள். எங்கள் கூட்டத்தில் ஓர் அண்ணனின் தகப்பனார் அந்தக் காலத்தில் கிளீனராக இருந்தவர். விடியுமுன்பே எழுந்து கரியை மூட்டினால்தான் வண்டி நேரத்துக்குக் கிளம்பும் என்று அவர் சொன்னதை மகன் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார். 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்து பஸ்கள் அரசின் கைக்குப் போன பிறகு, அந்தக் குழுமத்தின் சதர்ன் ரோட்வேஸ் சரக்கு வேலையில் நிலைத்தது. அங்கே ஓட்டியவர்களிடம் பேச்சிலேயே ஓர் ஒழுங்கு தெரியும். இன்ன நாளில் சர்வீஸ் என்றால், லோடு காத்துக்கிடந்தாலும் வண்டி பட்டறைக்குத்தான் போகும் என்பார்கள். அதைப் போலவே பொள்ளாச்சியின் ஏ.பி.டி. இருந்தது. 1931இல் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட்டாகத் தொடங்கிப் பின்னாளில் பார்சலுக்கும் வந்த கம்பெனி அது.

ஆனால் மதுரையின் சரக்கைச் சுமந்தவை இந்தப் பெரிய பெயர்கள் மட்டும் அல்ல. இரண்டு மூன்று லாரி, ஒரு தகரக் கொட்டகை, குலதெய்வத்தின் பெயரிலோ மூத்த மகளின் பெயரிலோ ஒரு பலகை. இப்படி எத்தனையோ ஷெட்டுகள் இருந்தன. முதலாளியே ஒரு காலத்தில் ஸ்டியரிங் பிடித்தவராக இருப்பார். என் மனம் ஒட்டிக்கொண்டிருப்பது இவற்றோடுதான்.

ஒரு ஷெட்டின் நாள் பிற்பகலில்தான் சூடு பிடிக்கும். கீழமாசி வீதி மளிகைக் கடைகளிலிருந்து மூட்டைகள் தள்ளுவண்டியில் வரும். வெண்கலக் கடைகளின் பாத்திரப் பெட்டிகள், சுங்குடிச் சேலைக் கட்டுகள், சைக்கிள் சாமான், மருந்துப் பெட்டி என்று எல்லாம் வந்து குவியும். ஒவ்வொன்றையும் எடை போட்டு, மை தொட்டு மார்க் எழுதி, ரசீது போட வேண்டும். அனுப்புகிறவருக்கு ஒரு பிரதி, டிரைவரிடம் ஒரு பிரதி, ஆபீஸில் ஒரு பிரதி. வாடகையை இங்கேயே கட்டிவிட்டாரா, அல்லது அங்கே சரக்கை எடுப்பவர் கட்ட வேண்டிய ‘டு பே’ சரக்கா என்பதைத் தெளிவாக எழுதாவிட்டால் மறுமுனையில் டிரைவர்தான் சண்டை போட வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு லோடுமேன்களின் வேலை. கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்ற வேண்டும். கனமானது கீழே, நசுங்குவது மேலே. இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். பிறகு தார்ப்பாய் விரித்துக் கயிறு இழுப்பார்கள். கயிற்றை ஒரு நல்ல டிரைவர் வேறு யாரையும் நம்பி விடமாட்டார். ஒவ்வொரு முடிச்சையும் கையால் தட்டிப் பார்த்த பிறகுதான் வண்டியில் ஏறுவார். பொழுது சாயக் கிளம்பினால் மேலூர், துவரங்குறிச்சி, திருச்சி, உளுந்தூர்ப்பேட்டை, திண்டிவனம் வழியாக மறுநாள் சென்னை வால்டாக்ஸ் ரோடு. ஏறத்தாழ 460 கிலோமீட்டர். நான்குவழிச் சாலை வருவதற்கு முன்னால், எதிர்வண்டியின் விளக்கு கண்ணைக் கூச வைக்கும் ஒற்றை ரோட்டில், பவர் ஸ்டியரிங் இல்லாத லாரியில் அந்தத் தூரத்தை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தோள்வலி தெரியும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எங்கள் ஷெட்டுப் பக்கம் அந்தச் சட்டத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. சரக்கு இறங்கும்போது டிரைவர் தூங்குவார், அதுதான் ஓய்வு.

வண்டி கிளம்பிவிட்டால் பிறகு செய்தி கிடையாது. செல்போன் இல்லாத காலம். போஸ்ட் ஆபீஸில் டிரங்க் கால் போட்டுக் காத்திருந்து பேச வேண்டும். பின்னாளில் எஸ்.டி.டி. பூத்துகள் வந்த பிறகு கொஞ்சம் எளிதானது. நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் எனக்கே வயிற்றைப் பிசையும். மறுநாள் காலையில் டிரைவரின் வீட்டம்மா ஷெட்டு வாசலில் வந்து நிற்பார். “தம்பி, வண்டி எங்கே நிற்கிறது என்று ஏதாவது தெரிந்ததா?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதில் ஒரு கம்பெனியின் குணம் முழுவதும் வெளிப்பட்டுவிடும். எங்கள் முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். டிரைவர் வெளியூரில் இருக்கும்போது வீட்டுச் செலவுக்கு அந்த அம்மா கேட்டால், தொகையைக் கொடுத்துவிட்டு அவர் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்; ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல், ரேஷன் வாங்க வேண்டும், திருவிழாவுக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று அவர்கள் காரணம் சொல்லி நிற்கும் நிலையே வரக் கூடாது என்பார். வேறு சில ஷெட்டுகளில் “உன் வீட்டுக்காரர் வரட்டும்” என்று திருப்பி அனுப்புவார்கள். அப்படித் திரும்பிப் போனதைச் சில அம்மாக்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. டிரைவர்களும் மறக்கவில்லை.

தொப்பூர் கணவாய்க் கதையைத் தெப்பக்குளத்தில் எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சலிப்பதில்லை. சிவகாசித் தீப்பெட்டி லோடோடு பெங்களூர் போகும் வழியில், ஏற்றத்தில் ஓர் அண்ணனின் வண்டிக்கு, எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கின் மெயின் பட்டை முறிந்துவிட்டது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தியாயிற்று. தீப்பெட்டி லோடு என்பதால் பக்கத்தில் அடுப்புப் பற்றவைக்க முடியாது. பீடி குடிக்கக் கூடத் தள்ளிப் போக வேண்டும். கிளீனரைச் சேலம் போகும் லாரியில் ஏற்றி அனுப்பி ஷெட்டுக்குச் சொல்லச் சொன்னார். மறுநாள் மெக்கானிக்கோடு முதலாளியே வந்து இறங்கினார். வரும் வழியில் சேலத்தில் பட்டையும் வாங்கி, சோற்றுப் பொட்டலமும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். “என்னப்பா, இருவரும் சாப்பிட்டீர்களா?” என்பதுதான் முதல் கேள்வி. லோடு பத்திரமா என்பது அதற்கு அப்புறம். வேலை முடிகிறவரை மெக்கானிக்குக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு அவரும் ரோட்டோரத்திலேயே இருந்தார். பிறகு வேறு கம்பெனிகள் அதிகப் பேட்டா தருவதாகக் கூப்பிட்டும் அந்த அண்ணன் போகவில்லை.

அதே கூட்டத்தில் இன்னோர் அண்ணன் இருக்கிறார். அவர் கதை நேர் எதிர். விருதுநகர் மிளகாய் ஏற்றிக்கொண்டு இரவில் ஒரு மேட்டில் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது, பின்னால் யாரோ தொற்றி ஏறித் தார்ப்பாயைக் கிழித்து மூட்டைகளைக் கீழே தள்ளிவிட்டார்கள். லாரி ஊர்கிற இடங்களில் இப்படிக் காத்திருக்கும் கூட்டங்கள் அந்தக் காலத்தில் உண்டு. முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. விடிந்து பார்த்தபோதுதான் மூன்று மூட்டை குறைவது தெரிந்தது. அவரே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். ஆனாலும் கம்பெனி அந்த மூட்டைகளின் விலையை மாதாமாதம் அவர் பணத்தில் பிடித்தது. அவருடைய மகள் அந்த ஆண்டு பள்ளியை விட்டு நின்றாள். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் மாறிவிடுகிறது. எனக்கும் கோபம் வருகிறது. சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுப்பது கம்பெனியும் வியாபாரியும் செய்ய வேண்டிய வேலை. அந்த நஷ்டத்தை, இரவு முழுவதும் விழித்து ஓட்டியவனின் தலையில் கட்டியது அநியாயம். அதற்கு வேறு பெயர் கிடையாது.

மலைப்பாதைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கேரளத்துக்குக் கம்பம் வழியாகப் போனால் லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி ஏற்றம். போடி வழியாகப் போனால் 17 கொண்டை ஊசி வளைவுகள். செங்கோட்டைப் பக்கம் புளியரையைத் தாண்டி ஆரியங்காவு. காய்கறியும் அரிசியும் போகும். ஏலக்காயும் மிளகும் மரமும் வரும். ஆண்டிபட்டிக் கணவாயில் நின்று சூடம் ஏற்றாமல் ஒருவரும் வண்டி எடுத்ததில்லை என்கிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் பாண்டி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைப்பவர்கள் இருந்தார்கள். இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கச் சொல்லும் முதலாளியிடம் வேலைக்கு நிற்காதே என்று மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அதைப் பொன்னான அறிவுரை என்பேன். அதைக் கேட்டவர்கள்தான் இன்று தெப்பக்குளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1975இல் நேஷனல் பர்மிட், அதாவது பல மாநிலங்களுக்கும் லாரி விடும் அனுமதி, வந்தது சின்னக் கம்பெனிகளுக்கு ஒரு திருப்பம். அதற்குப் பிறகு மதுரை லாரிகள் மகாராஷ்டிரம், குஜராத் வரை போகத் தொடங்கின. போகும்போது இங்கிருந்து ஒரு லோடு, அங்கே ரிட்டன் லோடுக்காகச் சில நாள் காத்திருப்பு. இந்தி தெரியாமல் போய், தாபாக்களில் கைஜாடையில் ரொட்டி வாங்கித் தின்று, பிறகு சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டவர்கள் பலர். படிப்பு ஐந்தாம் வகுப்பு, பேசுவது நான்கு மொழி.

கம்பெனிகள் மூடியதற்குக் காரணம் ஒன்று இரண்டு அல்ல. பெரிய லாரிகள் வந்தன. மாசி வீதிகளுக்குள் பகலில் லாரி கொண்டுவர முடியாமல் போனது. ஷெட்டு இருந்த இடத்துக்கு விலை ஏறியது. பிள்ளைகள் தொழிலுக்கு வரவில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் போனது நல்லதுதான். ஆனால் அதைப் பார்ப்பதற்கு எங்கள் கம்பெனி இல்லை.

இனி நான் சொல்ல வருவது நினைவு மட்டும் இல்லை, இன்றைய நிலை. பெரிய கம்பெனியில் பி.எஃப். பிடித்தம் இருந்தவர்களுக்கு 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் மாதம் ஏதோ ஒரு தொகை வருகிறது. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014இல் நிர்ணயித்தார்கள். அது போதாது, ஆனால் வருகிறது. இருபது பேருக்குக் குறைவாக வேலை பார்த்த சின்ன ஷெட்டுகள் பி.எஃப். சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. தொப்பூரில் சோறு கொண்டுவந்து கொடுத்த அந்த நல்ல முதலாளியிடம் ஓட்டியவருக்கும் ஓய்வூதியம் இல்லை. நல்ல மனது ஒரு காலத்தோடு நின்றுவிடுகிறது, முதலாளி போன பிறகு அதைக் கேட்டு வாங்க முடியாது. இதை அந்த அண்ணனே என்னிடம் சொன்னார், வருத்தமில்லாமல்.

நடுத்தரக் கம்பெனிகள் சிலவற்றில் பிடித்தம் இருந்திருக்கிறது, டிரைவர்களுக்குத்தான் தெரியாது. கம்பெனி மூடிவிட்டால் பணமும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கணக்கு பி.எஃப். அலுவலகத்தில் இருக்கும், மதுரையிலேயே மண்டல அலுவலகம் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு, பழைய சம்பளச் சீட்டு ஒன்றில் இருந்த கணக்கு எண்ணை வைத்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன், பணம் வந்துவிட்டது. உங்கள் அப்பாவோ தாத்தாவோ லாரி ஓட்டியவர் என்றால், வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய லைசென்ஸ், சம்பளச் சீட்டு, கம்பெனி கடிதம், டிரிப் ஷீட் எதையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கம்பெனி பெயரும் ஓட்டிய ஆண்டுகளும் அதில் தெரிந்தால், பி.எஃப். பிடித்தார்களா என்பதை முதலில் அவரிடமே கேளுங்கள். பத்து ஆண்டுப் பிடித்தம் இருந்தால் ஓய்வூதியத்துக்கே வழி உண்டு. மதுரைப் பக்கம் ஓடிய கம்பெனியாக இருந்தால் அதன் பெயரை இந்தப் பதிலின் கீழே எழுதுங்கள். தெப்பக்குளத்தில் கேட்டுப் பார்க்கிறேன். அங்கே ஓட்டிய ஒருவராவது அகப்படுவார்.