கணவர் கடலில் விழுந்தால் நான் என்ன செய்வேன்?

கேள்வி: நானும் என் கணவரும் மலேசியாவில், ஆயர் தாவார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். எண்ணெய் ஆலையில் இயந்திரப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்ற அவர், 34 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறார். லூமுட்டிலிருந்து கிளம்பி, பங்கோர், பினாங்கு, லங்காவி என்று ஓராண்டுக் காலம் படகிலேயே வாழலாம் என்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்கு நீச்சல் தெரியாது. அவர் சொல்லும் கயிற்றை இழுப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. புறப்படுமுன் நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு, இருவர் மட்டுமே வாழும் படகில் ஒருவர் உறங்கும்போதும், நோயில் படுக்கும்போதும், மற்றவர் தனி ஆளாகவே இருக்கிறார். லூமுட்டிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 70 கடல் மைல். உங்கள் படகு மணிக்கு 5 கடல் மைல் சென்றால் 14 மணி நேரப் பயணம். அவ்வளவு நேரமும் ஒருவரே சுக்கானைப் பிடிக்க முடியாது. ஆகவே, படகை நீங்கள் தனியாகக் கையாளக் கற்ற பிறகே நீண்ட பயணத்துக்குச் சம்மதிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில், நீங்கள் அஞ்சும் அந்த நிகழ்ச்சியையே, கணவர் கடலில் விழுவதையே, எடுத்துக்கொள்வோம். 5 கடல் மைல் வேகத்தில் செல்லும் படகு ஒரு நிமிடத்தில் 150 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அலைகளுக்கிடையே அவ்வளவு தொலைவில் மிதக்கும் ஒரு தலை, தேங்காயளவுகூடக் கண்ணுக்குத் தெரியாது. எனவே அவர் விழுந்த கணமே படகை நிறுத்துவதுதான் முதல் வேலை. படகின் முகம் காற்றை நோக்கித் திரும்பும்படி சுக்கானைத் திருப்பி, படகு காற்றைக் கடந்து மறுபக்கம் வரும்வரை பிடித்திருங்கள். முன்பாயின் கயிற்றை மட்டும் அவிழ்க்காதீர்கள். முன்பாய் எதிர்ப்பக்கமாகக் காற்றை வாங்கிப் படகை ஏறத்தாழ நின்ற நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அடுத்து மிதவை வளையத்தை வீசுங்கள். ஜிபிஎஸ் கருவியில் ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கும் பொத்தானை அழுத்துங்கள். அவர்மீது வைத்த கண்ணை எடுக்காதீர்கள். நம் கடல்நீர் வெதுவெதுப்பானது என்பதால், உயிர்காப்பு அங்கி அணிந்தவர் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்க முடியும்.

அவர் படகின் அருகே வந்த பிறகுதான் பலர் தோற்றுப்போகிறார்கள். நனைந்த உடையோடு 80 கிலோ எடையுள்ள ஒருவரைக் கைகளால் தூக்கி ஏற்ற உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. பெரிய பாயை ஏற்றும் கயிற்றை அவருடைய அங்கியின் வாரில் மாட்டி, பாய்க்கயிறுகளை இழுக்க உதவும் வின்ச் உருளையில் சுற்றித் தூக்க வேண்டும். லூமுட் துறையில், அமைதியான ஒரு காலையில், கணவரைத் தண்ணீரில் இறக்கி இதை உண்மையாகவே செய்து பாருங்கள். அத்தோடு, இரவில் மேல்தளத்துக்கு வரும் எவரும் தம்மைப் படகோடு வாரால் பிணைத்துக்கொள்வது என்று இருவரும் முடிவு செய்யுங்கள். விழாமலிருப்பதற்கு இணையான மீட்புமுறை கிடையாது.

நீச்சலையும் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். அதுவரை அங்கியைக் கழற்ற வேண்டாம்.

இயந்திரத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு வீட்டிலேயே ஆசிரியர் இருக்கிறார். இயந்திரத்தைக் குளிர்விக்கும் கடல்நீரின் வால்வைத் திறந்து அதைக் கிளப்புவதும், புகைக்குழாய் வழியே தண்ணீர் வெளியேறுகிறதா என்று பார்ப்பதும், வெளியேறாவிட்டால் உடனே நிறுத்துவதும் உங்கள் கைக்குப் பழக வேண்டும். மலாக்கா நீரிணையில் மீன்வலைகள் நிறைய. படகைத் தள்ளும் விசிறியில் வலை சிக்கினால் உடனே நியூட்ரலுக்கு மாற்றுங்கள்.

நங்கூரம் இடவும் கற்றுக்கொள்ளுங்கள். இதை நான் சற்று அதிகம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பினாங்கிலிருந்து திரும்பும் வழியில் ஒருமுறை எனக்குக் கடும் காய்ச்சல் கண்டது. என் மனைவி பல மணி நேரம் படகைச் செம்மையாக ஓட்டிவந்தார். ஆனால் நங்கூரம் இடும் முறையை நான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. பங்கோர் அருகே நடுங்கும் உடம்போடு நான் எழுந்து போக வேண்டியதாயிற்று. அந்தத் தவறு முழுக்க என்னுடையது. கணக்கு எளிது: ஆழம் 5 மீட்டர், இனி ஏறவிருக்கும் நீர் 2 மீட்டர், படகின் முன்முனை நீருக்கு மேல் 1 மீட்டர் என்றால் மொத்தம் 8, அதன் 5 மடங்காக 40 மீட்டர் சங்கிலி விட வேண்டும். காற்று வலுத்தால் 7 மடங்கு.

படகிலிருந்து பேச உதவும் வி.எச்.எஃப். வானொலியில் 16ஆம் அலைவரிசை அவசர அழைப்புக்கு உரியது. ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பை மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், நேர்ந்தது என்ன, எத்தனை பேர் என்பவற்றைக் கூற வேண்டும். இதை மலாயில் ஓர் அட்டையில் எழுதி வானொலியின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் நாக்கு எழாது. கரையோரத்தில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைத்தால் 999ஐ அழையுங்கள்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். டிசம்பர் முதல் மார்ச் வரை மேற்குக் கரைக் கடல் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும். மாசி மகத்துக்குப் பங்கோர் சென்றுவந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும். அதே மாதங்களில் கிழக்குக் கரையின் தியோமான், பெர்ஹெந்தியான் தீவுகள் பக்கம் போக நினைக்காதீர்கள். வடகிழக்குப் பருவக்காற்று அங்கே கடலைக் கொந்தளிக்க வைக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை நம் நீரிணையில் ‘சுமாத்திரா’ சூறைக்காற்று உண்டு. விடியலுக்கு முன் மேற்கிலிருந்து கரும் மேகத்திரையாக வந்து, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். மேகத்தைக் கண்டதுமே பாயைச் சுருக்கிவிடுங்கள். காற்று வந்தபின் சுருக்குவது இரு மடங்கு கடினம்.

இவற்றையெல்லாம் பழக, மூன்று மாதங்கள் லூமுட்டுக்கும் பங்கோருக்கும் இடையே மட்டும் ஓட்டுங்கள். அந்த நாட்களில் சுக்கான் உங்கள் கையில் இருக்கட்டும். நீங்கள் தடுமாறும்போது கயிற்றைப் பிடுங்கிக்கொள்ள உங்கள் கணவரின் கை துடிக்கும், அன்பினால்தான் துடிக்கும். இருந்தாலும், ஆபத்து இல்லாதவரை அவர் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவரைக் கீழறையில் படுக்கச் சொல்லிவிட்டு, நீங்களே துறையிலிருந்து படகைக் கிளப்பி, பங்கோரில் நங்கூரமிட்டு, மறுநாள் காலை அதே இடத்தில் படகு நிற்பதைப் பார்த்த பிறகு, பினாங்குக்கு நாள் குறிக்கலாம்.