இந்த வருஷ மடலில் என்ன எழுதுவது? வேளாண் பட்டதாரிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 1996இல் சேர்ந்து 2000இல் பி.எஸ்சி. (வேளாண்மை) முடித்தவள் நான். முதலில் விதைக் கம்பெனி, அப்புறம் வங்கியில் விவசாயக் கடன் பிரிவு. 2004 பொங்கலில் இருந்து எங்கள் பேட்ச்சுக்கு ஆண்டு மடல் தொகுத்து வருகிறேன். யார் எங்கே இருக்கிறார்கள், என்ன வேலை, வீட்டில் என்ன விசேஷம், யார் நம்மை விட்டுப் போனார்கள் என்று அவரவர் எழுதி அனுப்புவதைச் சேர்த்து எல்லோருக்கும் அனுப்புவேன். மற்ற பேட்ச்காரர்களும் இப்படி ஒன்று தொடங்க ஆசைப்பட்டுக் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். வேலை பற்றியும் வாழ்க்கை பற்றியும் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

2004 பேட்ச், தேனி: அக்கா, பதினெட்டு வருஷமாக ஒரே விதைக் கம்பெனி, கிட்டத்தட்ட ஒரே வேலை. மற்றவர்கள் கனடா, ஆஸ்திரேலியா என்று எழுதும்போது நான் எழுத என்ன இருக்கிறது? 'நலம்' என்று மட்டும் அனுப்பிவிடுகிறேன்.

தம்பி, 'நலம்' என்று ஒற்றைச் சொல்லில் வருகிற மடலைப் பார்த்தால்தான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். பதவிப் பெயரை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. என்ன பயிர், எந்த ஊர், இந்த வருஷம் மழை எப்படி, விவசாயி உங்களிடம் என்ன கேட்டார், இதைத்தான் படிக்கிறார்கள். ஒரு வருஷம் எங்கள் செட் நண்பர் நான்கே வரி எழுதினார். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி விலை விழுந்து பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிட்டார்கள், அந்த வாரம் முழுக்க ஒரு தோட்டத்துக்கும் போக எனக்கு மனம் வரவில்லை என்று. அதைப் படித்துவிட்டு, அதே மாவட்டத்தில் வங்கியில் இருந்த இன்னொருவர் அவரைக் கூப்பிட்டார். ஆறு வருஷமாக இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்திருக்கிறார்கள், இருவருக்கும் தெரியாது. நீங்கள் பதினெட்டு வருஷம் ஒரே பகுதி விவசாயிகளைப் பார்த்திருக்கிறீர்கள். அப்பா வாங்கின விதையை இப்போது மகன் வாங்க வருகிறானா? அதை எழுதுங்கள்.

2001 பேட்ச், சேலம்: பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்றில் மண்டல மேலாளராக இருந்தேன். போன ஆகஸ்டில் ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. வயது 46. மனைவியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. மடலில் பழைய பதவியையே போட்டுவிடட்டுமா?

தயவுசெய்து போடாதீர்கள். எங்கள் செட்டில் ஒருவர் வேலை போனபின் இரண்டு வருஷம் பழைய பதவியையே எழுதி அனுப்பினார். அதே சமயம் அவர் ஊரிலேயே நம் ஆட்கள் இரண்டு பேர் விற்பனைப் பொறுப்புக்கு அனுபவமுள்ளவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் நல்ல நிலையில் இருப்பதாக நினைத்து அவரைக் கேட்கவே இல்லை. தெரிய வந்தபோது அந்த இடங்களில் வேறு ஆள் சேர்ந்தாயிற்று. அந்த மடலைத் தொகுத்தவள் நான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

மூன்று வரி போதும். எப்போது வெளியே வந்தீர்கள், எந்த மாவட்டங்களும் டீலர்களும் பயிர்களும் உங்களுக்குத் தெரியும், இப்போது எந்த மாதிரி வேலை தேடுகிறீர்கள். கம்பெனியைத் திட்ட வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வேண்டாம். படிக்கிறவர் கவனம் சண்டைக்குப் போய்விடும், உங்கள் தேவை பின்னால் போய்விடும். அப்புறம், பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். அது இல்லாவிட்டால் பின்னால் பணம் எடுப்பதும் மாற்றுவதும் இழுபடும். பத்து வருஷ சேவை முடித்திருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு, அவசரத்தில் எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். மனைவியிடம் சொன்னது பெரிய விஷயம். அடுத்து எங்களிடம் சொல்லுங்கள்.

1993 பேட்ச், மதுரை: மேடம், எங்கள் செட்டில் பெண்களில் பாதிப்பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

சார், சிக்கல் பெயரில் இருக்கிறது. கல்லூரிப் பதிவேட்டில் அப்பா பெயரின் முதலெழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முதலெழுத்து. பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த எழுத்து முழுப்பெயராக விரிந்து பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். எஸ். விஜயலட்சுமி என்று தேடினால் எத்தனை வருஷம் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

நான் பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடித்தேன். விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்களுக்குச் சொந்த ஊர் ஞாபகம் இருக்கும். நான்காம் வருஷம் கிராமப்புற வேளாண் பணி அனுபவத்துக்கு ஒன்றாகத் தங்கியவர்களுக்கு அப்பா பெயர்கூட ஞாபகம் இருக்கும். ஊர் தெரிந்தால் போதும். அந்த வட்டார வேளாண்மை அலுவலகத்தில் நம் கல்லூரிக்காரர் யாராவது இருப்பார், ஊருக்குப் போகும்போது விசாரித்துச் சொல்வார். எங்களுக்குக் கிடைக்காமல் இருந்த பதினோரு பேரில் ஒன்பது பேரை இப்படித்தான் பிடித்தோம். பதிவேட்டில் கல்லூரிப் பெயர், இப்போதைய பெயர் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். கைபேசி எண்ணை மட்டும் அவரைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். "என்னைச் சேர்க்க வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். எங்களிடம் அப்படிச் சொன்ன ஒருத்தி ஐந்து வருஷம் கழித்துத் தானே வந்தாள்.

2006 பேட்ச், ஈரோடு: அக்கா, குழந்தைகளுக்காக வேலையை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இனிமேல் இந்தப் பட்டத்தால் ஏதாவது நடக்குமா?

நடக்கும் தங்கச்சி. வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வுக்குப் பொதுப்பிரிவில் வயது 30தான், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குச் சில வருஷம் தளர்வு. அந்தக் கதவு உங்களுக்கு மூடிவிட்டது. ஆனால் டிஎன்பிஎஸ்சியில் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியலின, பழங்குடி வகுப்பினருக்குப் பல பதவிகளில் அந்த மாதிரி உச்சவரம்பு கிடையாது. அறிவிக்கையில் வயதுப் பகுதியை நீங்களே வரிவரியாகப் படியுங்கள், யாரோ சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு வழி, வேளாண் பட்டதாரிகள் சொந்தமாகத் தொழில் தொடங்க 2002இல் மத்திய அரசு கொண்டுவந்த அக்ரி கிளினிக் திட்டம். ஹைதராபாத்தில் உள்ள 'மேனேஜ்' என்ற மத்திய அரசின் வேளாண் விரிவாக்க நிறுவனத்தின் மேற்பார்வையில் 45 நாள் இலவசப் பயிற்சி, 60 வயது வரை சேரலாம். பயிற்சி முடித்தவர் தனியாக 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு வங்கிக் கடன் கேட்கலாம். மானியம் பொதுவாக 36 சதவீதம், பெண்களுக்கு 44 சதவீதம். நான் வங்கியில் இருந்தபோது பார்த்தது: நாற்றங்காலும் மண் பரிசோதனையும் என்று ஓரிரண்டு வேலையோடு வந்தவர்கள் தொழிலில் நிலைத்து நின்றார்கள். எல்லாம் செய்கிறேன் என்று திட்ட அறிக்கை எழுதி வந்தவர்களுக்குக் கடன் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது.

ஒரு எச்சரிக்கை. பூச்சிமருந்துக் கடை உரிமத்துக்கு வேளாண் பட்டம் தகுதி என்பதால், "சான்றிதழை மட்டும் கொடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று வீட்டில் இருக்கும் பெண்களைக் கேட்கிறார்கள். என் தோழியையும் கேட்டார்கள். கொடுக்காதீர்கள். நாளை அந்தக் கடையில் கலப்பட மருந்து விற்றால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் பெயர். கடையில் நீங்களே உட்கார்ந்து பரிந்துரை எழுதுவதாக இருந்தால் அது வேறு, அது நல்ல வேலை.

இறுதியாண்டு, கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி: வீட்டில் வேளாண்மை அலுவலர் தேர்வு எழுது என்கிறார்கள். சீனியர்கள் எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்து விஞ்ஞானி ஆகச் சொல்கிறார்கள். எனக்குச் சொந்த நிலத்தில் இறங்க ஆசை. எது சரி, அக்கா?

முதல் முடிவு கடைசி முடிவு இல்லை தம்பி. எம்.எஸ். சுவாமிநாதன் முதலில் திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்தவர். 1943 வங்கப் பஞ்சம் அவரை நம் கோவைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தது. பிறகு ஐபிஎஸ் பணிக்குத் தேர்வானார். அதை விட்டுவிட்டு நெதர்லாந்துக்கு மரபியல் ஆராய்ச்சிக்குப் போனார். நம்மாழ்வார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலையில் இருந்தவர். அங்கே செய்கிற ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவவில்லை என்று தோன்றியதும் வெளியே வந்துவிட்டார். இருவரும் போன திசை வேறு, ஆனால் நடுவில் திரும்பியவர்கள்தான்.

நிலத்தில் இறங்க ஆசை என்றால், தண்ணீரும் இரண்டு வருஷச் சாப்பாட்டுச் செலவும் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். எங்கள் செட்டில் நான்கு பேர் படிப்பு முடிந்த கையோடு விவசாயத்துக்குப் போனார்கள். இன்றைக்கு நிற்பது இரண்டு பேர். இருவர் வீட்டிலும் வேறு ஒரு வருமானம் இருந்தது. மற்ற இருவர் உழைப்பில் குறைந்தவர்கள் இல்லை.

என் சொந்த பேட்ச், பெயர் வேண்டாம் என்றவர்: மடலைப் படித்தால் எனக்கு இரண்டு நாள் தூக்கம் வருவதில்லை. நீ தப்பாக நினைக்காதே, இனி எனக்கு அனுப்பாதே.

தப்பாக நினைக்கவில்லை. அனுப்பவில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதவர்கள், விவாகரத்து ஆனவர்கள், கடனில் இருப்பவர்கள் எல்லோரும் எனக்குத் தனியாக எழுதுகிறார்கள், "மடலில் போடாதே" என்று சேர்த்து. அதனால் நீ படிப்பதில் நல்லது மட்டும் மிஞ்சுகிறது. தொகுக்கிறவள் என்ற முறையில் இதில் என் குறையும் இருக்கிறது. இந்த வருஷம் எல்லோரிடமும் "இந்த வருஷம் கஷ்டமாக இருந்தது எது" என்றும் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். விருப்பம் உள்ளவர்கள் எழுதட்டும். நீ எப்போது கூப்பிட்டாலும் நான் எடுப்பேன், அதற்கு மடல் தேவையில்லை.

1969இல் சேர்ந்தவர், கோவை: அம்மா, எங்கள் வகுப்பில் இப்போது இருப்பவர்களைவிடப் போனவர்கள் அதிகம். இறப்புச் செய்தியை எப்படி எழுதுவது?

ஐயா, நீங்கள் சேர்ந்தபோது அது வேளாண்மைக் கல்லூரி, 1971இல்தான் பல்கலைக்கழகம் ஆனது. உங்கள் வகுப்பு ஞாபகங்கள் எங்கள் எல்லோருக்குமே வேண்டும். முதலில் குடும்பத்தைக் கேளுங்கள். எப்படி இறந்தார் என்பதைக் குடும்பம் சொல்லச் சொன்னால் ஒழிய எழுத வேண்டாம். வகித்த பதவிகளை ஒரு வரியில் முடித்துவிட்டு, கூடப் படித்தவர் ஒருவரிடம் ஒரு சம்பவம் கேட்டு வாங்குங்கள். எங்கள் நண்பர் ஒருவர் போனபோது, விடுதியில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மெஸ்ஸில் சொல்லிக் கஞ்சி வைத்து வாங்கி வருவான் என்று அறைத்தோழர் எழுதினார். அவர் மகள் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறாள். அப்பாவின் வேலை அவளுக்குத் தெரியும், இது தெரியாது. இறந்தவர் பெயரைப் பதிவேட்டில் இருந்து அடிக்காதீர்கள், அதே வரிசையில் இருக்கட்டும்.

1998 பேட்ச், அமெரிக்கா: ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை தர நாங்கள் பணம் அனுப்பலாமா?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், அனுப்பினால் வரும். அப்போது பெறுகிற சங்கத்துக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான பதிவு வேண்டும். பதிவு இல்லாத சங்கக் கணக்குக்கு அனுப்பிவிட்டு அவர்களைச் சிக்கலில் விடாதீர்கள்.

2012 பேட்ச், திருச்சி: மடலோடு என்ன படம் அனுப்பலாம்?

ஒரே ஒரு படம். கோட் சூட் வேண்டாம். வேலை செய்யும் இடத்தில், பின்னால் என்ன பயிர் என்று தெரிகிற மாதிரி. மார்கழி பாதிக்குள் அனுப்பிவிடுங்கள், பொங்கலுக்குள் நான் அடுக்கி முடிக்க வேண்டும்.