டிரம்ஸ் வரவே இல்லை

அன்புள்ள சார்,

ஆங்கிலேய கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹில்லேஜ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய 'ஃபிஷ் ரைசிங்' ஆல்பம் கேட்டேன். கிட்டார் பறக்கிறது! அதே சூட்டோடு அவருடைய இன்னொரு ஆல்பமான 'ரெயின்போ டோம் மியூசிக்' போட்டேன். தண்ணீர் சலசலக்கிறது, மணி ஒலிக்கிறது, ஏதோ மினுமினுத்துக்கொண்டே இருக்கிறது. கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன், டிரம்ஸ் வரவே இல்லை. மசாஜ் பார்லரில் ஓடவிடுவார்களே, அந்த ரகம்தானே இது? இவ்வளவு வாசிக்கத் தெரிந்தவர் ஏன் இதைச் செய்ய வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மசாஜ் பார்லர் என்றது ரொம்பத் தப்பில்லை. 1979 ஏப்ரலில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் 'மைண்ட், பாடி, ஸ்பிரிட்' என்று ஒரு திருவிழா நடந்தது. யோகா, தியானம், மாற்று மருத்துவம் எல்லாம் கூடிய சந்தை. அங்கே ரெயின்போ டோம் என்ற கூடாரத்துக்குள் ஓடவிடுவதற்காகச் செய்த இசை இது. உள்ளே வருகிறவர் பாதியில் வருவார், பாதியில் எழுந்து போவார். அப்படிப்பட்ட இடத்தில் சோலோவுக்கு என்ன வேலை? ஆகவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே துண்டுகள், ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்கு மேல். அட்டையில் ஹில்லேஜ் பெயர்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய துணைவி மிகெட் ஜிரோடியின் பங்கு இதில் பாதியாவது இருக்கும். அந்த மணியும், ஸ்வர வரிசையைத் தானே திரும்பத் திரும்ப வாசிக்கும் சீக்வென்சர் கருவியும் ஜிரோடியுடையவை.

வெளியிட்டது வர்ஜின் நிறுவனம். இரண்டு வருடம் முன்னால் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் ஆல்பத்தை வெளியிட்ட அதே வர்ஜின். பங்க் என்ற முரட்டு ராக் இசை கோலோச்சிய நேரத்தில் கண்ணாடி மாதிரித் தெளிந்த வினைல் தட்டில் ஓடைச் சத்தத்தைப் போட்டு விற்பதற்கு ஒரு அசட்டுத் துணிச்சல் வேண்டும்.

சரி, கிட்டார் எங்கே? இருக்கிறது. ஹில்லேஜின் கையில் எப்போதுமே இரண்டு கருவிகள்: ஒன்று கிட்டார், இன்னொன்று எக்கோ. ஒரு ஸ்வரத்தை வாசித்தால் எக்கோ அதைக் கொஞ்சம் தாமதித்துத் திருப்பித் தரும். அந்த இடைவெளியில் அடுத்த ஸ்வரத்தை வைத்தால் இரண்டும் பின்னிக்கொள்ளும். வால்யூமைக் குறைத்து வைத்துத் தந்தியை மீட்டி, பிறகு மெல்ல ஏற்றினால் மீட்டிய சத்தமே காதில் விழாது, ஒலி மட்டும் ஊறி வரும். முன்பு அவர் வாசித்த கோங் என்ற ராக் குழுவில், அதைத் தொடங்கிய டேவிட் ஆலனிடம் பிடித்த வித்தை ஒன்றும் உண்டு: கிளிசாண்டோ. உலோகத் தண்டு ஒன்றைத் தந்திகள்மேல் லேசாகத் தேய்த்துக்கொண்டே எக்கோவுக்குள் அனுப்புவது. 'ஃபிஷ் ரைசிங்'கில் இதெல்லாம் டிரம்ஸுக்குப் பின்னால் நிற்கிறது. இங்கே டிரம்ஸை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். கிட்டார் எது, சிந்தசைசர் எது என்று சில இடங்களில் எனக்கே பிடிபடாது.

முதல் பக்கமான 'கார்டன் ஆஃப் பாரடைஸ்' எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஃபெண்டர் ரோட்ஸ் என்ற மின் பியானோவின் சின்னச் சின்னத் துளிகள் திரும்பத் திரும்ப வரும், அதன்மேல் கிட்டார் நீளமாக இழைந்து போகும். இரண்டாம் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. அது கூடாரத்தில் நன்றாக இருந்திருக்கும், வீட்டில் கொஞ்சம் இழுவை.

இந்தத் தட்டுக்கு இரண்டாவது வாழ்க்கை ஒன்று கிடைத்தது. 1989இல் லண்டன் ஹெவன் கிளப்பில் ஆடிக் களைத்தவர்கள் உட்கார என்று தனி அறை ஒதுக்கியிருந்தார்கள். அங்கே தி ஆர்ப் என்ற மின்னணு இசைக் குழுவின் அலெக்ஸ் பாட்டர்சன் 'ரெயின்போ டோம் மியூசிக்'கை மற்ற தட்டுகளோடு கலந்து ஓட்டிக்கொண்டிருந்தார். தற்செயலாக உள்ளே வந்த ஹில்லேஜ், ஓடுவது தன் தட்டு என்று கண்டுகொண்டு போய் அறிமுகம் செய்துகொண்டார். அப்புறம் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஹில்லேஜும் ஜிரோடியும் சிஸ்டம் 7 என்ற பெயரில் முழுமூச்சாக நடன இசைக்கே போய்விட்டார்கள். பத்து வருடம் கழித்து, வேறொரு தலைமுறை, அதே மாதிரி ஒரு அறை.

நீங்கள் டிரம்ஸுக்காகக் காத்திருந்ததுதான் சிக்கல். சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு ஏதாவது வேலை பாருங்கள். அப்படியும் ஒட்டவில்லையா, விட்டுவிடுங்கள், குற்றமில்லை. பதிலாக ஜெர்மானியர் மானுவல் கோட்ஷிங் 1975இல் வெளியிட்ட 'இன்வென்ஷன்ஸ் ஃபார் எலக்ட்ரிக் கிட்டார்' கேளுங்கள். எக்கோவை வைத்து ஒரே ஆள், ஒரே கிட்டார். அதிலும் டிரம்ஸ் கிடையாது, ஆனால் கால் தானாகத் தாளம் போடும்.